சாய்ந்த சதுரம்

செவ்வாய்க்கிழமை. மழை.
சிலோயேத் தீவில் இது செய்தியே அல்ல.
நாலு வயதுக்காரர்கள் ஒன்பது பேர்
நனைந்த பூட்ஸைக் கழற்றி
இடதையும் வலதையும் மாற்றி அடுக்கிவிட்டு
"அத்தை, இன்னிக்கு என்ன?" என்கிறார்கள்.
இந்த நாட்டில் ஆசிரியை எல்லோருக்கும் அத்தைதான்.

இன்றைக்கு வடிவங்கள்.
மேலிடத்திலிருந்து வந்த அட்டையில்
முக்கோணம் எப்போதும் சம்மணமிட்டே இருக்கிறது.
சதுரம் அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைத்திருக்கிறது.
வட்டத்துக்கு மட்டும் ஒரு சிரிப்பு வரைந்திருக்கிறார்கள்,
ஏனென்று தெரியவில்லை.

அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கூரை நீண்டு மழையைத் தடுக்கும் பக்கம்
எங்கள் பள்ளிச் சுவர் முழுக்க மரச் செதில்,
பெரிய மீன் ஒன்று கரையில் படுத்ததுபோல.
மெல்லிய தாளை அதன்மேல் அழுத்தி
கிரயானைப் படுக்கப்போட்டுத் தேய்த்தால்
சுவர் தானாகத் தாளுக்கு வந்துவிடும்.

ரொசால்பாவுக்கு அரைவட்டங்கள் வந்தன.
"எல்லாம் எம்பனாடா. உள்ள கிளிஞ்சல் கறி."
ஒன்றைக் கடித்தும் பார்த்தாள்.
எலிசேயோவுக்கு அறுகோணம். பெயர் சொன்னேன்.
அவன் காதில் விழவில்லை.
மூலைகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான்:
ஒன்று, இரண்டு, நாலு, ஏழு, ஆறு.
முடித்தது சரியாகத்தான் முடித்தான்.
நினோஸ்காவின் தாளில் ஓர் ஆணியின் தலை, அவ்வளவே.
"இதுதான் வட்டம். மத்ததெல்லாம் சும்மா."

உள்ளே வந்து வெட்டினோம்.
பசை காய்வதற்குள் சண்டை.
ஆரம்பித்தவள் நான்:
ஒரு சதுரத்தை அதன் மூலையில் நிறுத்தி
இது என்ன என்று கேட்டுத் தொலைத்தேன்.

"வைரம்!"
"பட்டம்!"
"சதுரம்தான், கொஞ்சம் திரும்பியிருக்கிறது."
"அப்ப சதுரமா இருந்துச்சு. இப்ப இல்ல."
நேராக வைத்தேன். "சதுரம்!"
திருப்பினேன். "இல்ல!"
நேராக. "சதுரம்!"
பதினோரு வருட அனுபவம்
ஒரு காகிதத் துண்டோடு மல்லுக்கட்டியது.

அப்போதுதான் லிகான் வாயைத் திறந்தான்.
மார்ச்சில் சேர்ந்த பிள்ளை.
"தண்ணி" என்பதைத் தவிர
அவன் குரலில் வேறு சொல் கேட்டதில்லை நாங்கள்.

"எங்க வீட்ட மாடு இழுத்துச்சு."

அது ஊருக்கே தெரிந்த கதை.
கடல் அரித்த மேட்டிலிருந்து வீட்டைப் பெயர்த்து
உருட்டுக்கட்டைமேல் ஏற்றி
எட்டு ஜோடி எருது பூட்டி
அக்கம்பக்கமெல்லாம் கயிறு பிடித்து நகர்த்தியது.
இவன் கட்டிலடியில் ஒளிந்திருந்தது மட்டும்
யாருக்கும் தெரியாது.

"இறக்கத்துல வீடு சாஞ்சிடுச்சு.
கெட்டில் வழுக்கிட்டு வந்து என் கால்ல முட்டுச்சு.
ஜன்னல் இப்பிடி இருந்துச்சு."
என் கையிலிருந்த சதுரத்தை வாங்கி
மூலையில் நிறுத்திப் பிடித்தான்.
"அதுல ஒரு கொம்பு தெரிஞ்சுது. அப்புறம் வெறும் வானம்.
அப்பவும் ஜன்னல்தான்.
ராத்திரி அம்மா அதே தெரச்சீலையத்தான் மாட்டினாங்க."

யாரும் பேசவில்லை.
நினோஸ்கா முதலில் கழுத்தைச் சாய்த்தாள்.
பிறகு ரொசால்பா. பிறகு ஒவ்வொருவராக,
என்னுடையதையும் சேர்த்து
ஒன்பது தலைகள் ஒரே பக்கம் சாய்ந்து
அந்தக் காகிதத்தைப் பார்த்தன.

மாலையில் தாள்களைக் கொடியில் மாட்டும்போது கவனித்தேன்:
லிகான் எதையும் தேய்க்கவில்லை.
வெள்ளைத் தாள்.
ஓரத்தில் சின்னதாய் ஒரு வட்டம், மூக்கும் பிடியும் வைத்து.
தாளை எப்படித் திருப்பினாலும்
கெட்டில் வழுக்கிக்கொண்டேதான் இருந்தது.

எலிசேயோ இன்னும் வைரம் என்கிறான்.
பசை அவன் புருவத்தில் காய்ந்திருக்கிறது.
நாளைக்கும் மழையாம்.