ஓவியத்தின் முதுகு

முதலில் திருப்பிப் பார் என்றாள் கேத்.
முன்பக்கத்தை அப்புறம் பார்க்கலாம்,
அது எங்கும் ஓடிவிடாது.

உல்வர்ஸ்டன் நகரசபைக் கிடங்கில்
எனக்கு மணிக்கணக்கில் கூலி.
டார்கஸ் ஃபெல் என்று கையெழுத்திட்ட
நாற்பத்தொரு படங்களை
அளந்து, தூசி தட்டி, படிவம் நிரப்ப வேண்டும்.

முதுகில் பென்சிலால் விலை.
ஏழு கினி. அடித்திருக்கிறது.
ஐந்து கினி. அடித்திருக்கிறது.
பல் வைத்தியருக்கு, பாக்கிக்கு ஈடாக.
அந்தப் படமும் இங்கேதான் கிடக்கிறது;
வைத்தியர் ரொக்கமே கேட்டிருப்பார்.

மான்செஸ்டர் கண்காட்சியின் ஒட்டுத்தாள்கள்
வருடத்துக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று.
எல்லாவற்றிலும் ஒரே சிவப்பு முத்திரை:
ஏற்கப்படவில்லை.
அவள் கிழிக்கவில்லை.
சட்டத்தின் விரிசலை மறைக்க
அவை தோதான தாள்கள்.

பகலில் தொழிற்பள்ளியில் ஓவிய வகுப்பு,
முப்பத்திரண்டு வருடம்.
கப்பல் பட்டறைக்குப் போகவிருந்த பையன்கள்
அவள் மேசையில் வைத்த கெட்டிலை வரைந்தார்கள்.
வருகைப் பதிவேடு ஒன்று பெட்டியில் இருந்தது.
ஆஜர் குறிகளுக்கு நடுவே அவள் எழுத்து:

டாட்ஸன்: வரைவதைவிட அழிப்பது அதிகம். ரப்பரைப் பிடுங்கினேன்.
ரிக்பி: நிழலைச் சொந்தமாக யோசிக்கிறான். கெட்டிலைக் கேட்கவில்லை.
ஸ்லேட்டர்: இன்று அழுதான். கை நிற்கவில்லை. கோடு நன்றாக வந்தது.

படங்களில் கடல் இல்லை.
கடல் போன பிறகு கிடக்கும் சேறுதான்.
மோர்கம் விரிகுடாவில் தண்ணீர்
மைல்கணக்கில் விலகிப் போகும்,
திரும்பும்போது குதிரையை முந்தும் என்பார்கள்.
அந்த இடைவேளையில்
மடக்கு நாற்காலியோடு இறங்கியிருக்கிறாள்.
ஒரு படத்தில் வானம் பாதியில் நிற்கிறது.
முதுகில்: 4.20. ஓடினேன்.

நெய்தல் என்றால் இரங்கல் என்று
பரீட்சைக்குப் படித்த ஆள் நான்.
இவள் இரங்கவில்லை.
எலிச் சாம்பல், ஈயச் சாம்பல்,
கழுவாத பால்புட்டிச் சாம்பல் எனப்
பதினேழாகப் பிரித்து
எந்த ட்யூப் எத்தனை வாரம் வரும் என்று
கணக்கு எழுதி வைத்திருந்தாள்.

எண் இருநூற்றுப் பதினான்கு. அதே சேறு.
தூக்கினால் மட்டும் கை வலித்தது.
முதுகில் தலைகீழாக:
கல்விக்குழுத் தலைவர் திரு. ஆம்ப்ரோஸ் கெல்லட்.
நகரசபை கேட்டுக்கொண்டபடி. 1949.

கடிதங்கள் அதே பெட்டியில்.
முகம் திருப்தி, கையை மட்டும் திருத்தவும், என்கிறார் தலைவர்.
பதினோரு வயதில் காகித ஆலை தின்ற விரலை
நகரமண்டபத்துச் சுவரில்
திரும்பப் பெற நினைத்திருக்கிறார் மனிதர்.
தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் பதில் இரண்டு வரி:
கண்ணில் பட்டதை வரை என்று பையன்களிடம் சொல்கிறேன்.
செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும்.

பணம் வரவில்லை.
அடுத்த ஆண்டு மாலை வகுப்பும் இல்லை;
நிதிப் பற்றாக்குறை என்று ஒரு தட்டச்சுத் தாள்.

கேன்வாஸ் விற்ற விலையில்
வீணாக்குகிறவள் அல்ல அவள்.
தலைவரைத் தலைகீழாகத் திருப்பி
மேலே சேற்றைப் பூசினாள்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
வெளிச்சம் தரையோடு தரையாக ஊர்ந்தபோது
சேற்றில் மேடுகள் எழுந்தன.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில்
நீர் தேங்கிய ஒரு பள்ளம்.
அதில் மட்டும்,
நாற்பத்தொரு படங்களில் வேறெங்கும் இல்லாத
கொஞ்சம் நீலம்.

படிவத்தில் ‘பொருள்’ என்ற கட்டம் சிறியது.
கடல் வற்றிய சேறு என்று எழுதினேன்.
இன்னும் எத்தனை பாக்கி என்றாள் கேத்,
தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்து.
பத்தொன்பது என்றேன்.
எழுதியதை அடித்தேன்.

சேறு. வலது கை. நான்கு விரல்.
நிலை: கீழ் மூலையில் லேசான விரிசல்.