ஒடி

மூன்று நாளாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினேன்.
காங்கேயம் தாண்டியதும்
சத்தம் நின்றுவிட்டது.
பார், தானாகவே சரியாகிவிட்டதென்று
பிபினிடம் சொன்னேன்.
அவனிடம் இருந்த தமிழ்
பீஸ், டஜன், டீ, சம்பளம், நாளைக்கு.
தலையாட்டினான்.

அவன் மடியில் துணிப்பை. காலடியில் டேபிள் ஃபேன்.
ஈரோட்டில் எட்டரைக்கு ரயில்.
என் எட்டு மிஷினில்
கடைசியாய் ஓடிய ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தவன்.
பாதிச் சம்பளம் கொடுத்திருக்கிறேன்.
மீதியை, ராக்கியண்ணன் கொடுத்த செக் பாஸானதும்
நாளைக்கே அனுப்புகிறேன் என்றேன்.
அந்த வாக்கியத்தில்
எந்தச் சொல் அவனுக்குப் புரிந்திருக்கும் என்று
எனக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் கிளுவை வேலி.
நடுவே தடம் நேராகக் கிடந்தது.
நேராய்ப் போகிற வரைக்கும்
ஒன்றும் தெரியவில்லை.

சென்னிமலைப் பிரிவில்
மெதுவாக்கித் திருப்பினேன்.
திரும்பவில்லை.

கையில் இருப்பது அதே வட்டந்தான்,
நேற்று ஒற்றை விரலால் சுழற்றியது.
இன்று அதைக் கிணற்று மேட்டோடு சேர்த்துச்
சிமெண்ட் போட்டுப் பூசியிருந்தார்கள்.
காங்கேயம் காளை மாதிரி முரண்டியது என்று எழுதினால்
நன்றாகத்தான் இருக்கும்.
காளைக்குக் கோபமாவது இருக்கும்.
இதற்கு என்மேல் எதுவுமே இல்லை.

எதிரே தேங்காய் லோடு லாரி,
ஹாரனிலிருந்து கையை எடுக்காமல்.
சீட்டைவிட்டு எழும்பி
வட்டத்தில் தொங்கினேன்.
அப்போதுதான் பக்கத்திலிருந்து வந்தன
மயிர்க்காலெல்லாம் பனியன் நூல் பிசிறு ஒட்டிய
இரண்டு கைகள்.

ஒடி என்றேன்.
ஒடி, ஒடி, ஒடி.

லாரிக்காரர் என் அம்மாவைப் பற்றி
ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

சென்னியப்பன் பட்டறையில் பானெட்டைத் தூக்கி
டார்ச் அடித்து,
துவைத்துத் துவைத்து நைந்த இடுப்பு எலாஸ்டிக் மாதிரி
ஒரு கறுப்பு நாடாவை வெளியே எடுத்தார்.
"பெல்ட்டு அந்துபோச்சுங்க்கா.
புதுசு காத்தாலதான் வரும்.
வண்டி ஓடும், பயப்படாதீங்க.
வெசையாப் போனா ஒண்ணுந் தெரியாது.
நிக்கறப்பத்தான் கனம்."
காசு வாங்கவில்லை.
எட்டரை ரயிலுன்னா
சித்தெகூட நிக்காதீங்க என்றார்.

பிறகு வெள்ளோட்டில் ஒரு வளைவு.
பாலத்தடியில் ஒன்று.
ஒரு மொபெட்காரர் குறுக்கே புகுந்த இடம்.
நாலு கைகள்.
அவன் முழங்கை என் விலாவில் இடித்தது.
ஒன்றரை வருஷத்தில் நாங்கள்
அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.
மூன்றாவது வளைவில் எனக்கு முன்னால் அவனே சொன்னான்:
"அக்கா, ஒடி."
ஆறாவது சொல்.

எட்டு இருபதுக்கு ஸ்டேஷன்.
டேபிள் ஃபேனைத் தோளில் வைத்துக்கொண்டு
திரும்பிப் பார்த்து
"நாளைக்கு" என்றான்.
கேள்வியா, ஆறுதலா,
போய்வருகிறேன் என்பதற்கு
அவனிடமிருந்த ஒரே சொல்லா,
கேட்க நேரமில்லை.

ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது.
அது பாட்டுக்குப் போயிற்று.

வண்டி நிற்கிறது.
இரண்டு பேராகச் சேர்ந்து ஒடித்து நிறுத்திய சக்கரங்கள்
வலப்பக்கம் மடங்கியபடியே இருக்கின்றன.
முன்னால் ஒரு ஜீப், பின்னால் தூண்.
டோக்கன்காரர் டார்ச்சை ஆட்டுகிறார்:
"ஒடிச்சு எடுங்கக்கா.
முழுசா ஒடிங்க. வரும், வரும், வரும்."

வட்டத்தின் இடது பக்கம்
ஒரு வெள்ளைப் பிசிறு ஒட்டியிருந்தது.
அதைத் தட்டிவிடாமல்
கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.