நனைத்து வைத்த டூத் பிரஷ்

லிமெரிக்கில் மழை நின்றால்தான் செய்தி.
அன்று நிற்கவில்லை.

எதிர்ச்சாரியில், பேருந்து நிழற்குடையில்
உட்கார்ந்திருந்தேன், எந்தப் பேருந்திலும் ஏறாமல்.
ஓட்டுநர்களுக்கு என் முகம் பழகிவிட்டது.
ஒருவர் கையசைப்பதும் உண்டு.

மூன்றாம் மாடிச் சன்னலில் மஞ்சள் விளக்கு.
எரிந்தால் வியோரிகா நலம்.
அணைந்தால் ஓடி வா.
நாற்பது நிமிடம் தாண்டினாலும் வா.

ஒருத்தி தனியாக இருந்தால் அது அவள் பாடு.
ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் என்றால்
அது விடுதி,
நடத்துவது யார் என்று கேட்பார்கள்.
அடுப்பை நான் பற்றவைத்தேன்,
பால் அவள் வாங்கி வந்தாள்.
அப்படித்தான் நடத்தினோம்.

ஆகவே என் செருப்பு, என் கோப்பை, என் டூத் பிரஷ்
எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு
ஆறு மணிக்கு இறங்கிவிடுவேன்.
குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே
ஒன்றே ஒன்று மிஞ்சும், பச்சை நிறத்தில்.

அந்த ஆள் முகம் கழுவப் போனான்.
திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது
என்று பிறகு சொன்னாள்.
"தனியாத்தானே இருக்கே?"
எங்களைவிட நன்றாகச் சட்டம் படித்தவன்.

விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது.
அணைக்க அவளுக்குக் கை எட்டவில்லை.

முப்பத்தெட்டாம் நிமிடம் எழுந்துவிட்டேன்.
அந்த இரண்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று இன்றும் தெரியவில்லை.

உதட்டில் நான்கு தையல்.
ஸ்டேஷனில் ஃபின்டன் என்கிற இளம் போலீஸ்காரர்,
மரியாதையானவர், தேநீர்கூடக் கொடுத்தார்.
அவன் உயரத்தைக் கேட்கவில்லை,
கார் நிறத்தைக் கேட்கவில்லை. முதல் கேள்வி:
"அந்த வீட்டில் எத்தனை பேர்?"

வியோரிகா என்னைப் பார்த்தாள்.
நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.
"ஒருத்தி," என்றாள், தையல் இழுக்க.
"அப்படியானால் இவர்?"
"வழியில் போனவள்."

ஜுசாரா, வழிப்போக்கர்
என்று எழுதிக்கொண்டார்.
சாட்சிக்கு முகவரி வேண்டுமாம்.
எனக்கு இருந்தது அந்த ஒரே முகவரி.
கழிப்பறை எங்கே என்று கேட்டு வெளியே போனவள்
திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரரின் கடிதம் வந்தது.
விசாரணைக்குப் போலீஸ் வந்து போனதாம்,
பத்து நாளில் காலி செய்யவேண்டுமாம்.
அவனுக்கு யாரும் கடிதம் போடவில்லை.
வேறேதோ ஊரில், வேறேதோ குளியலறையில்
எண்ணிக்கொண்டிருப்பான்.

வியோரிகா வாட்டர்ஃபோர்டில். நான் என்னிஸில்.
இப்போது தனியாகத்தான் இருக்கிறேன், சட்டப்படி.
கண்ணாடிக்குக் கீழே இரண்டு டூத் பிரஷ்.
ஒன்றில் யாரும் பல் துலக்குவதில்லை.
யாராவது வருமுன்
மறக்காமல் நனைத்து வைக்கிறேன்.