பத்து மதிப்பெண் வினா

சேப்பாக்கம். விடைத்தாள் திருத்தும் முகாம்.
மின்விசிறிக்குப் பறக்காமல்
ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சாப்பாட்டு டப்பா.

'தோழியின் பாத்திரப் படைப்பை ஆராய்க.'
விடைக்குறிப்பு சொல்கிறது:
அறிவுடையவள், இரண்டு.
தூது செல்பவள், இரண்டு.
தலைவி துயரைத் தன் துயராய்க் கொள்பவள், மூன்று.
மீதி மேற்கோளுக்கு.

முப்பத்தோராவது தாள்.
பாதியில் மை மாறியிருக்கிறது.

"அவன் வந்ததும் தலைவி போய்விடுகிறாள்.
தோழி வேலியோரம் நிற்கிறாள்.
நாய் குறைத்தால் அவள்தான் சமாளிக்க வேண்டும்.
மழை அவள்மேலும்தான் பெய்கிறது.
அவளைத் தேடி ஒருவரும் வரக் காணோம்.
நானும் நின்றிருக்கிறேன்,
பெசன்ட் நகர் கடற்கரையில், பைக்குப் பக்கத்தில்,
இரண்டு ஹெல்மெட்டையும் பிடித்துக்கொண்டு."

மேற்கோள் இல்லை.
திணை, துறை ஒன்றும் இல்லை.
நாய் குரைப்பதற்கு வல்லின றகரம்.

நான்கு போட்டேன்.
டீ வந்தது. குடித்தேன்.
நான்கை அடித்து ஏழு போட்டேன்.

தலைமைத் தேர்வாளர் செண்பகவல்லி
தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு,
"எதுக்கு மேடம் ஏழு?"

"மழைக்கு."

அவர் சன்னலைப் பார்த்தார்.
வெளியே கத்திரி வெயில், ஒரு காக்கைகூட இல்லை.
பச்சைப் பேனாவைத் திறந்து
ஒன்று குறைத்தார்.

இந்தக் குறைத்தலுக்கு
வல்லினம்தான்.