பேர் போன கடை

இந்தக் கவிதையில் என் பெயரைச் சொல்ல மாட்டேன்.
கவிதை முப்பதாம் வகுப்பில் வராது,
சொன்னால் தப்பில்லை என்கிறார் வக்கீல்.
இருந்தாலும், சூடுபட்ட கை.

முப்பதாம் வகுப்பு என்றால்
ரொட்டி, பிஸ்கட், ஈஸ்ட், தேன்.
உலகத்துச் சரக்கையும் சேவையையும்
நாற்பத்தைந்தாகக் கூறுபோட்டு வைத்திருக்கிறார்கள்.
பதிமூன்றாம் வகுப்பில் நான் என் பெயரில்
வெடிமருந்து விற்கலாம்.
இருபத்திரண்டில் கயிறு, கூடாரம், மீன்வலை.
பதினைந்தில் பியானோகூட.
ரொட்டி மட்டும் கூடாது.

கெண்ட் நகரத்தில், லேய் ஆற்றுப் பாலத்தை ஒட்டி
இருபத்தாறு வருஷம் மாவில் நின்று
பேர் வாங்கினேன்.
விற்க ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது.
ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்தவர்கள்
அடுப்பைப் பார்க்கவில்லை.
பட்டை மணக்கும் மாஸ்டெல் ஒன்றைப்
பிட்டு வாயில் போடவில்லை.
பலகையைத்தான் அளந்தார்கள், டேப் வைத்து.
எனக்கு முட்டிவலி. மகனுக்குக் கப்பலில் வேலை.
பதினோராம் பத்தியைப் படித்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டேன்.
ஏமாற்றினார்கள் என்றால் அது பொய்.

ஓய்வு எட்டு மாதம் தாங்கியது.
விடிகாலை மூன்றரைக்கு எழுந்து
சமையலறையில் சும்மா நின்றேன்.
எதிர்க்கரையில் ஒரு சைக்கிள் கடை வாடகைக்கு வந்தது.
அடுப்பு வைத்தேன்.
பலகையில் என்ன எழுத?

பிறந்த பெயரைப் போட்டுக்கொள்ளச் சட்டம்
கொஞ்சம் இடம் விடுகிறதாம், நேர்மையாக நடந்தால்.
"அந்த இடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே"
லூட்கார்ட் வக்கீல் பதினோராம் பத்தியைத் தட்டினார்.
முதலெழுத்துகள்? கூடாது.
செல்லப்பெயர்? ஊருக்கே தெரியும், அதனால் கூடாது.
வெறும் பலகை?
அவர் யோசித்தார்.
அவர் யோசித்ததில்தான் எனக்குப் பயம் வந்தது.

வெறும் பலகையையே மாட்டினேன்.
பேர் போன கடை.
இரண்டு அர்த்தத்திலும்.

வரிசையில் நின்ற ஒரு சிறுமி கேட்டாள்:
நாரை எங்கே?

பழைய பலகையில், பெயருக்குப் பக்கத்தில்
ஒற்றைக் காலில் ஒரு நாரை, அலகில் மாஸ்டெல்.
வரைந்தவன் ஓடிலோன்.
தொண்ணூற்று நாலில், கடை திறந்த வாரம்,
பாதி ரொட்டி, பாதிக் காசு என்று பேச்சு.
பேச்சுதான். தாள் கிடையாது.
லூட்கார்ட் நாற்காலியில் நிமிர்ந்தார்.
எழுதிக் கொடுக்காதவரை படம் வரைந்தவனுடையது.
நான் விற்றது பெயரை. நாரை
என்னிடம் இருந்தால்தானே விற்க?

முப்பத்தாறு கிளைகளில், விமான நிலையத்தில்,
டிராம் முதுகில், காகிதப் பைகளில்
நின்ற நாரைகளுக்கெல்லாம் சேர்த்து
ஓடிலோன் பெயரில் ஒரே கடிதம் போயிற்று.
ஒன்றரை வருஷம் இழுத்தடித்துவிட்டு
கத்தி வைத்துச் சுரண்டினார்கள்.
ரயில்நிலையக் கிளைக் கண்ணாடியில்
கால் மட்டும் வரவில்லை.
போய்ப் பார்த்தேன். என் பெயர், பக்கத்தில் ஒரு கால்.
சந்தோஷமா என்று கேட்காதீர்கள்.

ஓடிலோன் எனக்கும் சும்மா தரவில்லை.
"ரொட்டி வந்தது. காசு?" என்றான்.
பிராங்கில் நின்ற பாக்கியை
யூரோவாக மாற்றிக் கணக்கு வைத்திருந்தான்.
அவன் படத்தால் நான் பேர் வாங்கிய காலமெல்லாம்
அவன் பெயர் பலகையில் எங்கேயும் இல்லை.
அதை அவன் சொல்லவில்லை. எனக்கே தோன்றியது,
கொஞ்சம் தாமதமாக.

வட்டி வேண்டாம், எழுத்தில் வேண்டும் என்றான்.
பாக்கி முழுதும் ரொக்கமாக.
நாரைக்குச் சனிக்கிழமைதோறும் ஆறு மாஸ்டெல்,
அவன் உயிரோடு இருக்கும்வரை.
அதன் பிறகு மகளுக்கு, எழுபது வருஷம்.
வக்கீல் சிரிக்காமல் தட்டச்சு செய்தார்.

கீழே கோடு போட்டு, இங்கே உங்கள் பெயர் என்றார்.
எழுதலாமா?
"இது ரொட்டி இல்லையே, கடன்தானே."

முழுப்பெயரையும் எழுதினேன்,
பள்ளிக்கூட நோட்டில் எழுதுவதுபோல, நடுப்பெயரோடு.
மை காயும்வரை தாளைக் கொடுக்கவில்லை.

முதல் சனிக்கிழமை ஓடிலோன் வந்தான்.
ஆறை எண்ணி வாங்கினான்.
ஒன்றைத் திருப்பித் தந்தான்,
அடி கருகியிருக்கிறது என்று.