பிழை

முதலில் என்னைவிட்டுப் போனது ழகரம்.
கோட்டை நிலையத்து ஒலிபெருக்கியில்
பதினெட்டு வருடம்
யாழ்ப்பாணத்தை யாழ்ப்பாணமாகவே சொன்ன வாய்
ஒரு மாசிக் காலையில்
யாள்ப்பாணம் என்றது.
மேடையில் யாரோ சிரித்தார்கள்.
அத்தியட்சகர் ரணவீர அறைக்குள் வந்து
ஒன்றும் பேசாமல்
என் மூச்சை மோந்து பார்த்தார்.

குடிக்கவில்லை.
நாக்குத் தடித்திருந்தது, அவ்வளவுதான்.
ஓரமெல்லாம் பல்லின் தடம்.
பிறகு கண்ணிமைகளில் ஊதாக் கன்றல்.
அமலினி எனக்கு அடிக்கிறாளென்று
கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுக்கக் கதை.
அவள் மறுக்கவும் இல்லை.
சிறுநீரில் நுரை, சப்பாத்துக்குள் நுழையாத கால்,
மேம்பாலப் படி ஏறினால் இளைப்பு.
ஆளுக்கொரு டொக்டர், ஆளுக்கொரு துண்டாய்ப் பார்த்தார்கள்.

எல்லாம் ஒரே உடம்புதான் என்று கண்டவர்
பெரியாஸ்பத்திரி விஹங்கி.
அரைகுறைத் தமிழில் சொன்னார்:
புரதம். மடிப்புப் பிழை.
மருந்துச் சீட்டொன்றை ஒழுங்காய் மடித்தார்,
உறைக்குள் போயிற்று.
இன்னொன்றைக் கோணலாய் மடித்தார்,
போகவில்லை.
"போகாதது எல்லாம் உள்ளே நிற்கும்.
இதயம், சிறுநீரகம், நாக்கு."

அன்றிரவே அமலினி பருப்பை நிறுத்தினாள்.
முட்டையை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.
சாப்பாட்டில் வருகிற புரதம் இல்லையாம் என்று
இந்த நாக்கால் நான் சொன்னதை
மூன்று தரம் சொல்லவைத்தாள்.
பிறகு பருப்பைக் கழுவினாள்.

வயிற்றுக் கொழுப்பில் ஒரு துணுக்கு எடுத்தார்கள்.
ஆய்வுகூடத்து நஸ்லியாவிடம் கேட்டேன்,
நானும் பார்க்கலாமா?
சட்டமில்லை என்றாள்.
கதவைச் சாத்திவிட்டுக்
கதிரையை இழுத்துப் போட்டாள்.
முதலில் செங்கல் சிவப்பு.
எதையோ மெல்லத் திருப்பினாள்:
சிவப்பு அணைந்து
பச்சை எரிந்தது.
சிக்னல் பச்சை.
எத்தனை ஆயிரம் தரம்
அந்த நிறத்துக்காகப் "புறப்படுகிறது" என்று சொல்லியிருப்பேன்,
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததேயில்லை.
வடிவாயிருக்கு என்றேன்.
நஸ்லியா விளக்கை நிறுத்தினாள்.

கிழமைக்கொரு ஊசி.
புதிதாய்ப் படியாமல் தடுக்கலாமாம்,
படிந்ததைப் பற்றி அவசரப்பட்டு ஒருவரும் பேசுவதில்லை.
பிழைப்பேனா என்று விஹங்கியைக் கேட்டேன்.
பிளைப்பேனா என்றுதான் வந்தது.
அவருக்கு இரண்டும் ஒன்று.
அந்தச் சொல்லுக்குள்ளேயே
பிழை இருப்பது
எனக்கு மட்டும் கேட்டது.

இப்போது பயணச்சீட்டு யன்னலில் இருக்கிறேன்.
ஒலிபெருக்கியில் புதிதாய் ஒரு பிள்ளை,
குரல் கொஞ்சம் மூக்கால் வரும்,
ழகரம் சுத்தம்.
அவள் யாழ்ப்பாணம் என்கிறபோதெல்லாம்
மிச்சக்காசை எண்ணுகிற நேரத்திலும்
என் நாக்கு
எழும்பப் பார்க்கிறது.