சத்தமில்லாமல் இறங்குவது

பயிற்சித் தாளின் முதல் வரி:
சமதரையில் நிற்கவும்.
ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறும் எங்கள் தோட்டத்தில்
யார் எங்கே நின்றாலும்
ஒரு கால் மற்றதைவிட உயரம்.
லயத்து வாசல் சரிவு. பள்ளிக்கூட மைதானமும் சரிவு.
மேல்பக்கம் யாருக்கு என்று
காசு சுண்டும்போதே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது
கொழுந்து மடுவத்துச் சிமெண்டுத் தரை.
பதினாறு எட்டு நீளம், ஏழு எட்டு அகலம்.
தராசு மாட்டும் கொக்கியில்
தலை இடிக்காமல் பாயத் தெரிய வேண்டும்.

விடிய ஐந்து மணி.
டிலானியின் போன் வெளிச்சம் கவிழ்த்த கூடையின் மேல்.
குந்தி எழும்பு, பத்து.
ஒற்றைக் காலில், எட்டு.
பிறகு உரமூட்டை அடுக்கும் பலகைமேல்
பாய். இறங்கு. நில்.

பாய்வது எல்லாருக்கும் வருகிறது,
கான் தாண்டி வளர்ந்த கால்கள்.
இறங்குவதுதான் வரவில்லை.
முட்டி உள்ளே மடியக் கூடாதாம்,
குதிகால் இடிக்கக் கூடாதாம்,
சத்தமே கேட்கக் கூடாதாம்.
ஜெசிந்தா இறங்கினால் கூரைத் தகரம் விழுந்த மாதிரி.
மூலையில் சுருண்டு கிடக்கும் நாய்
எழும்பிக் குரைக்கும்.
அப்படித்தான் நாய் எங்கள் நடுவரானது.
அது தூங்கினால் பாய்ச்சல் சரி.
மழை நாளில் நாய் வராது,
அன்றைக்கு ஜெசிந்தாவே குரைப்பாள்,
நாயைவிடக் கண்டிப்பாக.

மூன்றாம் வாரம் பாரம் வேண்டும் என்றது தாள்.
யூரியாப் பையில் ஆற்று மணல்.
எத்தனை கிலோ என்று தெரியவில்லை,
பின்னேர நிறுவைக்குக் கொழுந்து வரிசையில் நின்று
கொக்கியில் மாட்டினேன்.
முள் பன்னிரண்டில் நின்றது.
கணக்கப்பிள்ளை கைப்பழக்கத்தில்
இரண்டைக் கழித்துப் பத்து என்றார்.
'மணலுக்குமா?' என்றாள் என் அம்மா.
வரிசை முழுக்கச் சிரித்தது, அவரைத் தவிர.
தாளில் பத்து என்று எழுதிக்கொண்டேன்.
முதுகில் பன்னிரண்டு.

ஞாயிறு: முழு ஓய்வு.
ஞாயிறு எங்களுக்குக் கைக்காசு.
ஏழாம் நம்பர் மலையில் காலையிலிருந்து ஏறி இறங்கியதை
எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை.
ஒரு திங்கட்கிழமை சுபாங்கினி
முட்டியைப் பிடித்தபடி பலகையில் உட்கார்ந்தாள்,
பனி மாதிரிக் குளிர்ந்த சாராயப் போத்தலில்
தண்ணீர் நிரப்பி உருட்டினோம்.
அன்றைக்குத் தாளின் ஓரத்தில்
பேனையால் நாங்களே ஒரு விதி சேர்த்தோம்:
கைக்காசுக்குப் போனவள் திங்கள் பாயக் கூடாது,
எண்ணிக்கை மட்டும் சொல்லலாம்.
பல திங்களில் எண்ண எட்டுப் பேர், பாய ஒருத்தி.

மடுவத்துச் சுவரில் கரிக்கோடுகள்,
எம்பித் தொட்ட இடம், பக்கத்தில் பெயர்.
என் முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும்
நாலு மாதம். மூன்று விரல்.
மூன்று விரல்தானா என்று கேட்காதீர்கள்.
ஒரு கொழுந்து அவ்வளவுதான் இருக்கும்,
அதைக் கிள்ளித்தான் இந்த மலையே ஓடுகிறது.

ஹட்டன் மைதானம். கம்பளைப் பிள்ளைகளோடு ஆட்டம்.
ஒன்றுக்குப் பூச்சியம், நாங்கள் பூச்சியம்.
கடைசி நிமிடங்களில் ஒரு கோர்னர்.
அவர்களுடைய ஐந்தாம் இலக்கம்
என்னைவிட ஒரு தலை உயரம்.
பந்து வந்தது, பாய்ந்தேன்.
அவள் காதை என் தோள் தாண்டியது எனக்குத் தெரியும்.
நெற்றியில் பட்டது.
கம்பத்துக்கு மேலே போய்
ரோட்டில் நின்ற பஸ்ஸுக்கு அடியில் உருண்டது.

எல்லாரும் தலையில் கை வைத்தார்கள்.
நான் இறங்கிக்கொண்டிருந்தேன்,
இரண்டு பாதமும் ஒரே உயரத்தில்,
முட்டி நேராக.

எல்லைக்கோட்டுக்கு வெளியே
பதிலாளாக உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவைப் பார்த்தேன்.

அவள் குரைக்கவில்லை.